என் மகளின் தலையில் எவ்வளவு இரும்பு

இருபத்திரண்டு வருஷமாக இரும்பைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. வந்த பொருளை அளப்பேன். அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, தப்பாக இருந்தால் சிவப்புச் சீட்டு. கல்யாணப் பந்தியில் வடையைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய். ஒரு பக்கம்தான் பார்ப்பேன்.

இவ்வளவு பெரிய இரும்பு நிபுணனின் வீட்டிலேயே இரும்பு சேர்ந்துகொண்டிருந்தது. என் மகளுக்குத் தலசீமியா. அவள் உடம்பு செய்கிற ரத்தம் அவளுக்குப் போதாது. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் பதினெட்டு வயது வரை வந்திருக்கிறாள். ஏற்றுகிற ஒவ்வொரு பையோடும் கொஞ்சம் இரும்பு உள்ளே போகிறது. அது வெளியே வர உடம்பில் வழி கிடையாது. ஈரலில் படியும், இதயத்தில் படியும். அதை வெளியே தள்ளத் தினமும் ஒரு மாத்திரை, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சுண்ணாம்பு கரைத்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் அடம்பிடித்தாள் என்று ஒருநாள் நான் அதில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்து, "நல்லாத்தானே இருக்குது" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மூன்று நாள் குடிக்கவில்லை.

எங்கள் சொந்த ஊர் பாரூர்ப் பக்கம். ஏரித் தண்ணீர் பாயும் ஒன்றரை ஏக்கர். அத்தை மகளைக் கட்டினால் நிலம் வெளியே போகாது என்றார்கள். கட்டினேன். நிலம் வெளியே போகவில்லை. எங்கள் இருவர் ரத்தத்திலும் இந்த நோய் பாதிப் பாதியாக ஒளிந்திருந்தது என்று மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் வெளியே போகவில்லை. உதிரிபாகத்தில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடிக்கிற எனக்கு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத் தோன்றவில்லை.

போன வருஷம் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். சில மாதம் கழித்து பெங்களூரு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்து, படிப்பு எப்படிப் போகிறது என்று சாதாரணமாகக் கேட்டார்.

"படிச்சது நிக்க மாட்டேங்குது மேடம்" என்றாள் மகள். "பேசறப்பக் கூட வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது."

நான் சும்மா இருப்பேனா? "அது எங்க பரம்பரைச் சொத்து மேடம். நான் பத்தாவதுல கணக்கையே ரெண்டு தடவ எழுதினவன்" என்றேன்.

நர்ஸ் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து எதையோ எழுதினார். என் வாழ்க்கையில் நான் ஜோக் சொல்லி யாராவது எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"வருஷா வருஷம் ஈரலுக்கும் இதயத்துக்கும் எம்ஆர்ஐ எடுக்கறோமே, இந்தத் தடவ தலையையும் சேர்த்துப் பார்த்துடலாம்" என்றார்.

"தலைக்குள்ளயுமா மேடம் சேரும்?"

"சிலருக்குக் கொஞ்சம் சேருது. எல்லாருக்கும் இல்ல. மறதிக்கு அதுதான் காரணம்னும் நான் சொல்லல. பார்க்காம எதுவும் பேச வேணாம்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரும்பு இருக்கும் இடத்தில் படம் சீக்கிரம் கருத்துவிடும். அடுத்தடுத்துப் பல படம் எடுத்து, எந்த இடம் எவ்வளவு வேகமாகக் கருக்கிறது என்று பார்த்து இரும்பைக் கணக்கிடுவார்கள் என்றார். இது எனக்கு உடனே புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். அன்றைக்கு வீடு வரும்வரை பேருந்தில் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தவளின் தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எண்ணெய் வைக்காத முடி, ஒரு ரப்பர் பேண்டு, அவ்வளவுதான் தெரிந்தது.

பிரச்சினை வேறு ஒன்றும் இருந்தது. அந்த மெஷினுக்குள் அவளுக்குப் பயம். முதல் தடவை ஈரலுக்கு எடுத்தபோது துணைக்கு என் மனைவி உள்ளே போனாள். மகள் படுத்திருக்க, இவள் பக்கத்தில் நின்று அழுத அழுகையில், யாருக்கு ஸ்கேன் என்று டெக்னீஷியனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தடவை தலைக்கு ஒரு கூண்டு மாட்டுவார்கள் என்று சொன்னதும் மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா வேணாம். நீ வாப்பா. உள்ள வந்து என் காலைப் புடிச்சிக்க. உனக்கு அழத் தெரியாது."

"ஏன், அப்பாவுக்கு என்னா, கல் நெஞ்சா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா. அப்பாவால அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்புல ஒரு விஷயத்தை சீரியஸா நினைக்க முடியாது."

எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது. அதை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு புதன்கிழமை காலையில் அவளோடு கிளம்பினேன். ஜூஜுவாடி தாண்டும்போதே லாரிகள் வரிசை கட்டி நின்றன. வழியெல்லாம் காலை எப்படிப் பிடிப்பது என்று ஒத்திகை பார்த்தோம். பெருவிரலை ஒருமுறை அழுத்தினால் நான் இருக்கிறேன், இரண்டுமுறை அழுத்தினால் முடியப்போகிறது.

ஸ்கேன் அறை வாசலில் துணைக்குப் போகிறவருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். நீளமான பட்டியல். நெஞ்சில் கருவி வைத்திருக்கிறதா, எலும்பில் பிளேட் இருக்கிறதா, காதில் மெஷின் உண்டா. எங்கள் வேலையில் தினமும் இப்படிப் பட்டியல்கள் வரும். மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் பழக்கம். அதே கைவேகத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

மகள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "ப்பா, கண்ணுல எப்பவாவது இரும்புத் துகள் பட்டிருக்குதான்னு கேட்டிருக்காங்க. இல்லைன்னு போட்டிருக்கிற."

"ஆமா."

"அப்ப அந்த ஹாட்பாக்ஸ்?"

அந்த ஹாட்பாக்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்தில்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று அதில் தினமும் எண்ணை மாற்றுவார்கள். குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் பரிசு. யாராவது அடிபட்டு முதலுதவி அறைக்குள் காலை வைத்தால் போச்சு, எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சில வருஷத்துக்கு முன்னால், பரிசுக்கு இரண்டே நாள் பாக்கி இருக்கும்போது, கண்ணாடி போடாமல் கிரைண்டர் முன்னால் குனிந்த புத்திசாலி நான். கண்ணில் பொறி விழுந்தது. முதலுதவி அறைக்குப் போனால் நானூறு பேருடைய ஹாட்பாக்ஸ் என் கண்ணால் போகும். ஃபிட்டர் ஒருவர் என்னை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய், இமையை மடக்கிப் பிடித்து, பொத்தான் அளவுக் காந்தம் ஒன்றைக் கண் அருகில் காட்டி, கோழியைக் கூப்பிடுகிற மாதிரி "பா, பா, பா" என்று கூப்பிட்டார். ஒரு துகள் வந்தது. இன்னொன்று இருந்ததா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. கண் சிவந்திருந்ததற்கு மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டேன். பரிசும் வந்தது, இரண்டு நாள் லீவும் கிடைத்தது. இந்தச் சாமர்த்தியத்தை வீட்டில் நானே பத்துத் தடவை நடித்துக் காட்டியிருக்கிறேன்.

"மெதுவாப் பேசு" என்றேன் மகளிடம். இதைச் சொன்னபோது என் கண் தானாக வாசல் பக்கம் போனது, அங்கே அந்தப் பலகை இருக்கிற மாதிரி. பூஜ்யத்துக்குப் போய்விடுமோ என்று ஒரு பயம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் காதில் விழுந்துவிட்டது. கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். "கண்ணுல பட்டுதா சார்? எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"கண் டாக்டரா?"

"ஃபிட்டர்."

அவர் படிவத்தை வாங்கி ஓரமாக வைத்தார். "ஆகல்லா சார்" என்றார். முடியாது என்பதைக் கன்னடத்தில் இவ்வளவு மென்மையாகச் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே இருக்கிற காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும், கண்ணுக்குள் ஒரு பொடித் துகள் இருந்தாலும் அது இழுத்துத் திருப்பினால் பார்வை போய்விடும், கண்ணை எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் விடுவேன் என்றார். எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் எங்கள் நேரம் போய்விடும். அடுத்த நேரம் ஐந்து வாரம் கழித்துத்தான்.

"பரவால்ல, கண்ணு போனாப் போகுது, இன்னொண்ணு இருக்குதில்ல" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

உள்ளே போகப் போகிறவளின் உடம்பு முழுக்க இரும்பு. அது திசுவோடு கலந்த இரும்பு, காந்தம் அதை ஒன்றும் செய்யாது, அவளுக்குத் தடையில்லை. எனக்கு இருந்தால் ஒரு துகள். இருக்கிறதா என்பதே தெரியாது. நான் வெளியே.

மகள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அஞ்சு வாரம் வேணாம்ப்பா. இதையே நினைச்சிக்கிட்டு இருக்க முடியாது. நான் போயிடறன்" என்று காதுக் கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டருக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார் டெக்னீஷியன். அங்கிருந்து பார்த்தால் அவள் பாதம் மட்டும்தான் தெரிந்தது. நீலக் காலுறை, இடது காலுறையில் ஒரு சின்ன ஓட்டை. சத்தம் தொடங்கியது. கண்ணாடி வழியாகக் கேட்டபோதே பல் கூசியது. முதல் படம் முடிந்ததும் டெக்னீஷியன் என் மேல் இரக்கப்பட்டு மைக்கை என் பக்கம் திருப்பினார். "ஒரு வார்த்தை பேசுங்க சார், தைரியமா இருக்கும்."

"கண்ணு, எப்பிடி இருக்குது உள்ள?"

ஸ்பீக்கரில் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "உங்க கம்பெனிக்குள்ள படுத்திருக்கற மாதிரி இருக்குதுப்பா."

"அப்பிடீன்னா ஓவர்டைம் கேட்டு வாங்கிடு."

டெக்னீஷியன் அடுத்த படத்தைத் தொடங்கினார். சத்தம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த நீலக் காலுறைகள் குலுங்கின. முதலில் மெதுவாக, பிறகு நன்றாக. அவள் சிரிக்கிறாள். ஜோக் போய்ச் சேர அரை நிமிஷம் ஆகியிருக்கிறது. எனக்கு என்னவோ பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது. டெக்னீஷியனைப் பெருமையாகப் பார்த்தேன்.

அவர் திரையைக் காட்டினார். என் மகளின் தலை, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று விளிம்போடு, அலையடித்த தண்ணீரில் தெரிகிற மாதிரி இருந்தது. "தலை ஆடிச்சு சார். இரும்பு பார்க்கற படம் இதுதான். இது உபயோகம் இல்ல. முதல்ல இருந்து எடுக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஏழு நிமிஷம் ஜாஸ்தி."

கூண்டுக்குள் இன்னும் ஏழு நிமிஷம். என் செலவில் இல்லை, அவள் செலவில்.

"இனிமே பேச வேணாம் சார்" என்று மைக்கை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, அவளைச் சிரிக்க வைப்பது. வீட்டில் மாத்திரை குடிக்கும்போதும், ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும், நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தும்போதும் நான் செய்தது அது மட்டும்தான். இங்கே அது படத்தைக் கெடுக்கிறது.

அடுத்த இடைவெளியில் ஸ்பீக்கரில் அவள் கேட்டாள். "ப்பா, இருக்கியா?"

நான் வாயைத் திறந்தேன். டெக்னீஷியன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "இருக்கார்ம்மா. அசையாம இரு" என்று அவரே சொன்னார்.

சத்தம் மறுபடி தொடங்கியது. அந்தக் காலுறை ஓட்டை வழியாகப் பெருவிரல் கொஞ்சம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் ஒன்றையே நினைக்க முடியாதவன் என்று பேர் வாங்கியவன். அன்றைக்கு அரை மணி நேரம் நினைத்தேன். நினைத்து ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு கேட்கப் போனோம். ஈரல் போன வருஷத்தைவிடப் பரவாயில்லை. இதயம் நன்றாக இருக்கிறது. அதன் பிறகு டாக்டரம்மா தலைப் படத்தைத் திரையில் போட்டு, நடுவில் இரண்டு பக்கமும் இருந்த சின்ன இடங்களைப் பேனா முனையால் காட்டினார்.

"இங்க கொஞ்சம் கருப்பா இருக்குது. இந்த வயசுல நாங்க எதிர்பார்க்கறதைவிடக் கொஞ்சம் கூடுதல்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

"மேல் லிமிட் எவ்வளவு மேடம்?" என்று கேட்டது நான்தான். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

"ஈரலுக்கு இருக்குது, இதயத்துக்கு இருக்குது. இதைத் தாண்டினா ஆபத்துன்னு கோடு போட்டு வச்சிருக்கோம். மூளைக்கு அந்தக் கோடு இன்னும் யாரும் போடல."

"அப்ப ஓகேவா, இல்லையா?"

"தெரியாதுங்க."

"இவ மறதி இதனாலயா?"

"அதுவும் தெரியாது. இதைவிடக் கூடுதலா இருக்கறவங்க நல்லாப் படிக்கறாங்க."

"மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தா?"

"மாத்திரை மூளைக்குள்ள எவ்வளவு போய் வேலை செய்யுதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. இருக்கறதை விடாம சாப்பிடட்டும். அடுத்த வருஷம் இதே மெஷின்ல மறுபடி எடுப்போம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஏதாவது சொல்லலாம்."

எங்கள் பிரிவில் பச்சை, சிவப்பு தவிர மஞ்சள் சீட்டு ஒன்றும் உண்டு. முடிவு தெரியாத பொருளுக்கு அதை ஒட்டித் தனி அலமாரியில் வைப்போம். மூன்று நாளுக்கு மேல் எதுவும் மஞ்சளில் கிடக்கக்கூடாது, மேலதிகாரி வந்து சத்தம் போடுவார். யாரிடம் போய்ச் சத்தம் போடுவது என்று தெரியாமல் டாக்டரம்மாவின் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்தேன். டாக்டரம்மா பொய் சொல்லாத மனுஷி. அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி நெரிசலில் பேருந்து நின்றபோது மனைவி போன் செய்தாள். "என்னாங்க சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லயாம். பரவால்லன்னாங்க."

மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "தெரியலன்னு சொன்னாங்கம்மா. அழாத. தெரியலன்னுதான் சொன்னாங்க." வைத்துவிட்டு என்னிடம், "நீ லிமிட் கேட்டப்ப என் மானமே போச்சுப்பா. நான் என்ன உங்க கம்பெனி ஐட்டமா?" என்றாள்.

"ரிஜெக்ட் ஆனா ரீவொர்க்குக்கு அனுப்பலாம்னுதான்…"

"விடுப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் விட்டேன்.

விட்டேன் என்பது பொய். ஒரு சின்ன நோட்டு வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் எதை மறந்தாலும் தேதி போட்டு அதில் எழுதினேன். குடை. பேருந்து பாஸ். கேஸ் அடுப்பில் வைத்த பால். ஒரு சித்தியின் பெயர், அரை நிமிஷம். அடுத்த வருஷம் டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வயதுப் பெண்கள் எல்லோரும் குடையை மறப்பார்களா என்று கேண்டீனில் விசாரித்தேன். ஒருவர், என் பொண்ணு தன் செருப்பையே மறந்து வேறொருத்தி செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள் என்றார். அன்றைக்கு மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறந்தால், நான் எழுதியிருந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் அவள் கையெழுத்து. மேலே 'அப்பா' என்று தலைப்பு. கீழே வரிசையாக: கரண்டு பில். வண்டிச் சாவி, நாலு தடவை. அம்மா பிறந்தநாள். மூக்குக் கண்ணாடி, மூக்கிலேயே இருந்தபோது. மொத்தம் அவளுக்கு ஒன்பது, எனக்குப் பதினேழு. கடைசியில், 'முதல்ல யார் தலையை ஸ்கேன் எடுக்கணும்?' என்று கேட்டிருந்தாள்.

நின்ற இடத்திலேயே சத்தமாகச் சிரித்தேன். மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள், அம்மா பிறந்தநாள் என்ற வரியில் மட்டும் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனிமேல் கணக்கெடுப்பதில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள்தான் டீ போட்டாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பாத்திரத்தை இறக்கி டம்ளர் பக்கம் சாய்த்தவள் நிறுத்தினாள்.

"ப்பா, அந்த… அது எடுத்துக் குடேன்."

"எது?"

"அதான்ப்பா. டீக்கு… இப்பிடி…" விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். வாய் திறந்தபடி இருந்தது. வார்த்தை வரவில்லை.

யாராக இருந்தாலும் இப்படித்தான் கேட்பார்கள். நானும் தினமும் இப்படித்தான் எதையாவது கேட்கிறேன். அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். பாத்திரத்தின் ஆவி இருவருக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தேடினேன். எனக்கும் ஒரு வார்த்தை வரவில்லை.

ஆணியில் தொங்கிய வடிகட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.